நடுவில் ஒரு ஆள்

“அவருக்குக் காரம் ஆகாதுன்னு சொல்லுங்க,” என்றாள் மனைவி, சர்வரிடம்.

கணவர் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். சர்வர் நரைத்த மீசைக்குள் சிரித்துக்கொண்டே திரும்பினார். “சார், உங்களுக்குக் காரம் ஆகாதாம்.”

“எனக்கு சூப் மட்டும் போதும்னு சொல்லிடுங்க.”

“மேடம், சாருக்கு சூப் மட்டும் போதுமாம்.”

“அப்புறம் பசிக்குதுன்னு அடுக்களையை உருட்டக் கூடாதுன்னு சொல்லுங்க.”

சர்வர் கையெடுத்துக் கும்பிட்டார். “எனக்கு இன்னும் நாலு மேஜை இருக்கு. நடுவுல நான் எதுக்கு? நீங்களே பேசிக்குங்களேன்!”

அவர் போய்விட்டார்.

‘இனி உங்ககூடப் பேசினா என்னை ஏன்னு கேளுங்க’ என்று மனைவி கணவரிடம் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. அவரும் கேட்கவில்லை. வீட்டில் எல்லாப் பேச்சும் மகள் வழியாகத்தான்.

நாளை மகள் வெளியூர்க் கல்லூரிக்குக் கிளம்புகிறாள். இனி விடுதியில்தான் இருப்பாள்.

“நான் வரமாட்டேன். நீங்க ரெண்டு பேர் மட்டும் போங்க. ஒரே ஒரு வார்த்தையாவது நேரா பேசிட்டு வாங்க,” என்று அவள்தான் இந்த மேஜையைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தாள்.

இருவருக்கும் சூப் வந்தது. கணவர் தொண்டையைச் செருமினார். மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார்.

கடைசியில், பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

“பாப்பா, சூப் ஆறுது. அம்மாவைக் குடிக்கச் சொல்லு.”

அவளும் அந்த நாற்காலியைத்தான் பார்த்தாள்.

“குடிக்கிறேன்னு சொல்லு, பாப்பா.”