வெறுந்தட்டு அளவீடு

ஆய்வு மாணவி கஜேந்தினியிடம் ஒரேயொரு பளிங்குப் படிகம்தான் இருந்தது. நேற்று மின்சாரம் நின்று, சூடான தட்டு சட்டென்று ஆறியதில் அது நடுவால் உடைந்தது. மூன்றாவது அளவீடு இல்லாமல் திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

நான் இதே படிப்பை இடையில் விட்டவன். இப்போது கிளிநொச்சியில் அதே ஆய்வுகூடத்துக்கு இரவுக் காவல். காலையில் வீட்டுக்குப் போகமுன் அவளுக்கு வெப்பமானியை வாசித்துச் சொல்வேன்.

நுணுக்குக்காட்டியில் குறுக்காகப் பூட்டிய இரண்டு முனைவாக்கிகளும் ஒளியை முழுதாக மறிக்கும். இடையில் பளிங்கை வைத்தால், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் அதன் இரட்டை முறிவால் வெளிச்சம் தெரியும். 122 பாகைச் சூட்டில் பளிங்கின் உள்ளமைப்பு மாறி இருட்டாகும். ஆறும்போது 118இல் வெளிச்சம் திரும்பும்.

"வெறுந்தட்டையாவது அளந்து வைப்பம்," என்றாள். பளிங்கில்லாத வெறுந்தட்டு எந்தச் சூட்டிலும் இருட்டுத்தான்.

கண்ணை வைத்தவள் நிமிரவில்லை.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. உடைஞ்சதை ஏன் உள்ள வச்சனீங்கள்?"

"எனக்கு வேற வேலை இல்லையே? அது பெட்டிக்குள்ள கிடக்கு, பாரும்."

நானும் பார்த்தேன். வெறுந்தட்டில் மஞ்சள் வெளிச்சம், நடுவில் உடைந்த கோடு. சூடாக்கினோம். 122இல் இருண்டது. ஆறவிட்டோம். 118இல் வெளிச்சம் திரும்பியது. இப்போது கோடு இல்லை.

"இதை மூன்றாவதா எழுதலாமோ அண்ணை?"

"கண்டதைத்தானே எழுதப்போறீர்?"

அவள் எழுதினாள். நான் பெட்டியைத் திறந்தேன். இரண்டு துண்டுகளும் பஞ்சில் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன். விரல் சுட்டது.