மருமகன் கேட்ட ரிசீவர்

"வாயில நுழையாத சாமானாப் பாத்துக் கேக்கான்! இவனுக்குப் போயி பெண்ணக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

கடைக்குள் கால் வைத்ததுமே ஏசுஅடிமை ஆரம்பித்துவிட்டார். குளச்சலில் மொத்த மீன் வியாபாரி. மார்த்தாண்டம் நெரிசலில் செல்வதாஸின் டி.வி. கடையைத் தேடிப் பிடிப்பதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பின்னாலேயே மனைவி குளோரி, கையில் ஒரு துண்டுச் சீட்டோடு.

"இருங்கண்ணே. என்ன சாமான்?" என்றார் செல்வதாஸ்.

"கல்யாணம் முடிஞ்ச மகளுக்கு ஞாயித்துக்கெழம அடுக்களை காணல். மாப்பிள வீட்டுக்குக் கொண்டுபோக கட்டிலு, பீரோ, பாத்திரம் எல்லாம் ஒதுக்கி வச்சாச்சு. நேத்து மருமவன் போன் போடுதான். 'மாமா, ஹோம் தியேட்டருக்கு ஒரு ரிசீவர் வேணும்'ங்கான். கல்யாணத்துக்கு ஒரு பவுன் கேக்காத பய! தங்கமான செறுக்கன்னு கடப்புறம் பூரா சொல்லிட்டு நடந்தேன்."

"கெடந்து கத்தாதிய," என்றாள் குளோரி. "ஊரே வந்து, கொண்டுபோன சாமான ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாக்கும். கொறஞ்சா நம்ம ஜின்சிக்குத்தான் கொறச்சல்."

செல்வதாஸுக்கும் இரண்டு பெண்கள். முகம் தெரியாத அந்த மாப்பிள்ளை மேல் அவருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வியாபாரம். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் பெட்டிகள் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஏசுஅடிமை விலை கேட்கவில்லை. சூரை மீனைத் தூக்குவது மாதிரி ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார்.

"இது பஞ்சு. இது பரவால்ல. இந்தா, இதுல கனம் கெடக்கு. இதுதான் சரக்கு."

செல்வதாஸ் வாயைப் பிளந்தார். பதினெட்டு வருஷம் கடை நடத்தும் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். கனமான பெட்டிக்குள்தான் டிரான்ஸ்பார்மர் பெரிசு.

"ஏட்டி, சீட்ட வாசி. அவன் சொன்னதெல்லாம் இருக்கான்னு பாப்போம்."

குளோரி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு. ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் குத்துத ஓட்டை நாலு வேணும். டி.வி. பெட்டிக்கு ஒண்ணு, படம் போடுத பிளேயருக்கு ஒண்ணு, கேம் பெட்டிக்கு ஒண்ணு, இனி வாங்கப் போறதுக்கு ஒண்ணு."

"இனியும் வாங்கணுமா? அதுக்கு நான் உயிரோட இருக்கணும்லா!"

"ரெண்டு. பட்டன அமுக்கின ஒடன வெடி கேக்கணும். பிந்தக் கூடாது."

"பொறவு?"

"மூணு. பின்னால நிண்ணு சுடுதவனுக்க சத்தம் பின்னாலதான் கேக்கணும்."

ஏசுஅடிமை மிரண்டு போனார். "மருமவன பின்னால நிண்ணு ஆருட்டி சுடப் போறான்?"

"விளையாட்டுல அண்ணே. வீடியோ கேம்," என்றார் செல்வதாஸ்.

"இருவத்தெட்டு வயசு எருமைக்கு விளையாட்டா! எனக்க பிள்ள அடுக்களையில கெடந்து வேவணும், இவன் கூடத்துல இருந்து சுடுவான்!" குரல் சட்டென்று இறங்கியது. "நல்ல எடத்துல குடுத்தேனா, பிடிச்சுத் தள்ளிட்டேனான்னு தெரியல்லியே தாஸு."

குளோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஸ்பீக்கர் ஐந்தா ஏழா என்று சீட்டில் இல்லை. ஏசுஅடிமை தொண்டையைச் செருமிக்கொண்டு போன் போட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"மருமவனே, அஞ்சா ஏழா?"

"ஒரு நிமிசம் மாமா," என்றான் பிபின். அவன் போனைக் கையால் பொத்துவது கேட்டது. பிறகு, "ஸ்பீக்கர் அஞ்சு போதும் மாமா. ஆனா ரிசீவர் ஏழு தாங்கணும்."

போனை வைத்ததும் தேன் நின்றது. "கேட்டியளா? ஏழு தாங்கணுமாம். நான் தாங்கணுமே!"

கனமான பெட்டியும் ஐந்து ஸ்பீக்கரும் வண்டியேறின.

திங்கட்கிழமை காலையில் அதைப் பொருத்திக் கொடுக்க செல்வதாஸ் கருங்கல் ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்பது என்று பைக்கில் போகும்போதே முடிவு செய்திருந்தார்.

கதவைத் திறந்த பிபினின் இரண்டு கையிலும் மீன் செதில்.

"வாங்கண்ணே. சாள கழுவிட்டு நிக்கேன். அவ உள்ள இருக்கா."

கூடத்தில் டி.வி.க்குப் பின்னாலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பல்லில் டார்ச்சைக் கடித்தபடி ஜின்சி வெளியே வந்தாள்.

"அண்ணே, நீங்க கடையில வச்சே முறுக்கி விட்ட ஸ்பீக்கர் ஒயர்ல ஒண்ணு தலகீழா இருந்து. நானே மாத்திட்டேன். இனி உங்களுக்கு வேல ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு கேம் பெட்டியைப் போட்டாள். முதுகுக்குப் பின்னால் டுமீல் என்றது. செல்வதாஸ் குனிந்தே விட்டார். ஜின்சி குனியவில்லை. திரும்பிச் சுட்டாள். "செத்தாம்லே!" என்று ஒரு கூப்பாடு.

செல்வதாஸ் மெல்ல அடுக்களைக்குப் போனார். "தம்பி, நீங்க விளையாடல்லியா?"

"எனக்கு டி.வி. போடத் தெரியும். அவ்வளவுதான்."

"பின்ன எதுக்கு இத நீங்க கேட்டிய? கடையில வச்சு உங்க மாமனார் உங்கள என்னெல்லாம் சொன்னாருன்னு தெரியுமா?"

"தெரியாதா பின்ன? சொல்லிட்டுப் போட்டு." பிபின் அடுத்த சாளையை எடுத்தான். "பள்ளிக்கூடம் படிக்கும்போ தொடங்கி இவ எட்டு வருசம் மாமாகிட்ட இதக் கேட்டிருக்கா அண்ணே. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு சொல்லிட்டாரு. நான் ஒரே ஒரு வாட்டிதான் கேட்டேன்."