ஆனி மாதத்து நகல்

"எல்லாத்தையும் அழிச்சிரும்மா," என்றார் குமரகுருபரன்.

டார்லின் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். சரியாகத்தான் கேட்டோமா என்று அவளுக்குச் சந்தேகம்.

"எதை அண்ணாச்சி?"

"இப்ப ஏத்துனியே, அதைத்தான்."

திருநெல்வேலி டவுனில் இருந்த அந்தச் சாதிச் சங்க அலுவலகத்தின் கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை நின்றுபோனது. ஆயிரத்து நானூறு குடும்பங்களின் விவரம் அதற்குள் இருந்தது. செயலாளர் குமரகுருபரன் மூன்று வருடம் வீடு வீடாக அலைந்து சேர்த்தது. திங்கட்கிழமை அது பேட்டை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். போனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் வருடக் கூட்டத்தில் 'குடும்பக் கையேடு' வெளிவரும்.

மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டே அங்கே தட்டச்சு செய்ய வந்தவள் டார்லின். அவளுக்கு இதுதான் முதல் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிளாப்பி வட்டுகளில் நகலெடுத்து, நோட்டில் தேதி எழுதி வைப்பாள். எழுதியது சரிதானா என்று இன்னொரு தடவையும் பார்ப்பாள். புரட்டாசிக் கடைசியில் எடுத்த நகல் இன்று காலை புதுக் கம்ப்யூட்டரில் பிசகில்லாமல் ஏறிவிட்டது. வேலை தப்பியது என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில்தான் அவர் இப்படிச் சொல்கிறார்.

"இதுல தப்பு இருக்கா அண்ணாச்சி?"

"ஒண்ணு இருக்கு. உன் தப்பு இல்ல. ஆனி மாசம் எடுத்தியே, பெரிய பிளாப்பி ஆறு, அதைப் போடு."

துணைச் செயலாளர் கார்த்திகேசன் சிரித்துவிட்டார். "அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிட்டு. ஆனிக்கப்புறம் எண்பத்திமூணு குடும்பம் சேந்திருக்கு. அவ்வளவும் போயிரும்லா!"

"படிவம் பூரா பீரோவுல இருக்கு. நான் அடிக்கேன்."

"நீங்களா? அன்னைக்கு உங்க பேரை அடிச்சு முடிக்கதுக்குள்ள நான் ரெண்டு காப்பி குடிச்சேன். நாளன்னைக்குத் திங்கக்கிழமை!"

"நாளைக்கு ஒரு நாள் முழுசா கிடக்குல்லா. உமக்கென்னவே?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எனக்குக் கோயில்ல ஆராதனை உண்டே அண்ணாச்சி," என்றாள் டார்லின் தயங்கி.

"நீ கோயிலுக்குப் போம்மா. அடிக்கப்போறது நான்தானே."

இன்னொரு சிக்கலும் இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் சின்ன பிளாப்பிக்கு மட்டும்தான் வாய்.

"பெருசு இதுல நுழையாது. பழசுல உள்ள டிரைவைக் கழட்டி இதுல மாட்டணும். வகுப்புல சார் ஒருக்கா செஞ்சு காட்டுனாவ. நான் கையால தொட்டதில்ல. ஏதாவது ஆச்சுன்னா புதுசும் போயிரும்."

"போனா நான் பாத்துக்கிடுதேன். செய்யி."

எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று நோட்டில் படம் வரைந்துகொண்டு, பயந்து பயந்து அவள் கழற்றினாள். பெட்டிக்குள் வெளிச்சம் விழ, குமரகுருபரன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அவள் படத்தையும் திருகுகளையும் ஒத்துப் பார்த்தாள்.

நான்கு பிளாப்பிகள் ஒழுங்காக ஏறின. ஐந்தாவது கரகரவென்று சத்தமிட்டு நின்றது. படிக்க முடியவில்லை என்றது திரை.

"நான் சரியா மாட்டலையோ என்னமோ." டார்லின் மறுபடியும் நோட்டுப் படத்தை எடுத்தாள்.

"பதறாம, பைய வெளிய எடு பிள்ள. இன்னொருக்கா போட்டுப் பாரு." அணைக்க மறந்த டார்ச்சோடு அவர் கிட்டே வந்து குனிந்தார்.

மறுபடியும் கரகரப்பு.

"விட்டுத் தள்ளுங்க அண்ணாச்சி," என்றார் கார்த்திகேசன். "நல்லா இருக்க நகல் அஞ்சு சின்ன பிளாப்பியில பத்திரமா இருக்கு. அதை ஓரமா வச்சிட்டு, இந்தச் செத்ததுக்கு உசுரு குடுத்துக்கிட்டு இருக்கீங்க. மூணு வருசம் அலைஞ்ச மனுசன் செய்யுத காரியமா இது?"

குமரகுருபரன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "இதுல வரலைன்னா வேற எதுலயாவது இருக்குமாம்மா?"

"ஆனி மாசத்துக்கு இது ஒண்ணுதான் அண்ணாச்சி."

டார்லின் பிளாப்பியை உருவி, உறைக்குள் இருந்த வட்டை விரலால் மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்றாம் முறையாக நுழைத்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சின்ன விளக்கு எரிந்தது. படித்தது. ஆறாவதும் படித்தது.

"வந்துட்டு! ஆயிரத்து முந்நூத்திப் பதினேழு குடும்பம்!"

"என் குடும்பத்தை எடு."

திரையில் வந்தது: குமரகுருபரன், மனைவி ஞானம்பாள், மகன் சண்முகம், மகள் விஜயஸ்ரீ.

டார்லின் நோட்டைப் புரட்டினாள். "காலையில ஏத்திச் சோதிச்சுப் பாத்தப்ப உங்க குடும்பத்துல மகள்னு ஒரு பேரே இல்லையே. நான்தான் விட்டுட்டேனா அண்ணாச்சி?"

கார்த்திகேசன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "நீ விடலம்மா, நான்தான் அழிச்சேன். அவ என்னைக் கேக்காம வேத்து சாதியில கல்யாணம் பண்ணிக்கிட்டா, இனி எனக்கு மகளே இல்ல, பேரை எடுத்திரும்வேன்னு ஆவணிக் கூட்டத்துல அத்தனை பேர் முன்னால எந்திரிச்சுச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி? இப்ப நீங்களே சேத்தா, கூட்டத்துல என்ன பதில் சொல்லுவீங்க?"

"நான் எங்கவே சேத்தேன்?" குமரகுருபரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, பழசுல இருந்த பிள்ள, தானா வந்துட்டா."