முப்பது கண்ணி, முப்பது வரிசை

“பாத்திரம் துடைக்கிற துணிக்கு ஸ்கேல் எதுக்கு டீச்சர்? நாம என்ன வீடா கட்டுறோம்?”

பேக்கரிக்காரம்மா கேட்டதும் நூலகத்தின் பின்னறையில் சிரிப்பு எழுந்தது. கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பின்னி வந்த துணியை மேஜைமேல் விரித்து, மடிப்பு நீவி, மூலைக்கு மூலை அளந்தார்.

“இருபதரை சென்டிமீட்டர்” என்று நோட்டில் குறித்துக்கொண்டார். “அடுத்தது?”

பார்சல் அக்கா பையை மடியோடு அணைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் ஒடுங்கினாள். பார்சல் ஆபீஸில் இருபத்தாறு வருடம் கயிறு இழுத்து முடிச்சுப் போட்டவள். வேலை ஓய்ந்தபின் வாரத்தில் ஒரு நாள் வாய் திறந்து பேச அவளுக்கு இருந்தது இந்தக் குரோஷா பின்னல் கூட்டம் ஒன்றுதான். இன்று அதற்கும் வேட்டு வைத்துவிடுவார்கள் போலிருந்தது.

எல்லாம் இரண்டு வாரத்துக்கு முன் டீச்சர் நீட்டிய ஒரு தாளால் வந்த வினை. ‘எளிய துடைப்புத் துணி. முப்பது கண்ணி, முப்பது வரிசை.’ முறை சரியாக எழுதியிருக்கிறதா என்று எல்லோரும் போட்டுப் பார்த்துச் சொல்லவேண்டுமாம். நூலும் ஊசியும் டீச்சரே கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் நூல், ஒரே அளவு ஊசி.

“இவ்வளவு மெத்துனு இருக்கே, இதை வெச்சா எண்ணெய்ச் சட்டி துடைக்கிறது?” என்று நர்ஸ் அன்றைக்கே முணுமுணுத்தாள்.

“கொடுத்ததுல போடுங்க. கையை மட்டும் யாரும் மாத்தாதீங்க. எப்பவும் எப்படி வருமோ அப்படியே வரட்டும்” என்றார் டீச்சர்.

போன வாரம் பார்சல் அக்கா பாதி போட்டு எடுத்து வந்தாள். நர்ஸ் அதைத் தட்டிப் பார்த்து, “அக்கா, துணி போடச் சொன்னா மூட்டை கட்டி வெச்சிருக்கீங்களே!” என்றாள்.

“கீழ போடுங்க, சத்தம் கேக்குதான்னு பாப்போம்” என்றாள் பேக்கரிக்காரம்மா. “இப்படி ஒருத்தர் போட்டா டீச்சரோட முறையே தப்புன்னு ஆயிடும். கையைத் தளர்த்துங்கக்கா!”

டீச்சர் அதை வாங்கி, வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனம்தான் அக்காவைச் சுட்டது.

நேற்று முழுக்க உட்கார்ந்து வேறொரு துணி போட்டாள். இழுக்க வந்த விரலை அதட்டி அதட்டி, ஒவ்வொரு கண்ணியையும் தளர விட்டு, தோள்பட்டை விட்டுப்போகும்வரை போட்டாள்.

“பதினெட்டு” என்று நர்ஸின் துணியையும் டீச்சர் அளந்து முடித்தார். “நீங்க எங்கம்மா?”

அக்கா தளர்ந்த துணியை நீட்டினாள். ஸ்கேல் பதினெட்டரை காட்டியது.

“அட, அக்கா தேறிட்டாங்களே!” என்றாள் நர்ஸ்.

டீச்சரின் முகம் சுருங்கியது. “இது உங்க கை இல்லையே.”

“நான்தான் டீச்சர் போட்டேன்.”

“விரல் உங்களோடது. கை உங்களோடது இல்ல. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா, மாத்தாதீங்கன்னு?”

அக்காவுக்குப் பொறுமை அறுந்தது. “என்னதான் வேணும் உங்களுக்கு? இறுக்கினா இவங்க சிரிக்கிறாங்க. தளர்த்தினா நீங்க முறைக்கிறீங்க. ஒரு துடைப்புத் துணிக்கு இந்தப் பாடா? வராதேன்னா வராதேன்னு சொல்லிடுங்க, நான் பாட்டுக்கு வீட்ல கிடக்கேன்!”

பைக்குள் கைவிட்டுப் பழைய துணியை உருவி மேஜைமேல் எறிந்தாள். அது வளையாமல் அட்டைபோல வந்து விழுந்தது.

“இந்தாங்க. இதுதான் என் கை. போதுமா?”

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அதை அளந்தார். பதினாலு. மறுபடி அளந்தார். மறுபடியும் பதினாலு.

“கோபத்துல கிளம்பிடாதீங்கம்மா” என்றார் டீச்சர். குரல் வேறாகியிருந்தது. “ஒரு நிமிஷம் உட்காருங்க.”

நாற்காலிக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, உள்ளிருந்ததை மெதுவாக மேஜைமேல் விரித்தார். அதே மஞ்சள் நூலில் பாதி போட்ட ஒரு குழந்தைப் போர்வை. கடைசிக் கண்ணியில் ஊசி செருகியபடியே இருந்தது. அதன் ஓரத்தோடு அக்காவின் துணியைச் சேர்த்து வைத்தார். வரிசைக்கு வரிசை, கண்ணிக்குக் கண்ணி, எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று தெரியவில்லை.

“என் மருமக அவ குழந்தைக்குப் போட்டுட்டிருந்தா. பாதியில கண்ணை மூடிட்டா. நான் தொடர்ந்தா அந்த வரிசையிலேர்ந்து அகலமாயிடுது. ஊசி மாத்தியும் பாத்தாச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா எனக்காக எல்லாருமே கையை இறுக்கியிருப்பீங்க, நாலு வரிசையில அது தளர்ந்துடும்” என்ற டீச்சர், ஊசியை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார்.

“அவளுக்கும் இப்படித்தான் கல்லு மாதிரி கை. இறுக்காதே, இறுக்காதேன்னு நான் தினமும் திட்டுவேன்.”