ஒரு பை விதைக்கடலை

வேலியில் ஆடிக்கொண்டிருந்த குச்சியை விலக்கி, வயிற்றால் ஊர்ந்து கடலைத் தோட்டத்துக்குள் நுழைந்தான். விடிந்தும் விடியாத நேரம். கோரோக்கா மலையில் நீட்டிய கை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஆனாலும் வீடு இருக்கும் பக்கத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

உள்ளே ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். துக்க விருந்துக்காக அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்திருந்த, தோட்டத்துக்காரன் சிவிரியின் மச்சான்மார். ஒவ்வொருவனும் இரண்டு ஆள் பருமன்.

போன மாதம் சந்தைக்குப் பக்கத்தில் கடலை திருடியவனுக்கு இரண்டு கையையும் உடைத்துவிட்டார்கள். அது நினைவுக்கு வந்தது. ஆனால் வேறு வழியில்லை. இந்தப் பை நிறையாவிட்டால் அடுத்த மழைக்கு ஊன்ற அவன் வீட்டில் ஒரு விதை இருக்காது, பிள்ளைகள் வெறும் கிழங்கைத்தான் தின்ன வேண்டும்.

செடியைப் பிடுங்கவில்லை. விரலால் மண்ணைக் கிளறி, முற்றிய காயை மட்டும் கிள்ளிக்கொண்டு, மறுபடி மண்ணை அணைத்துவிட்டான். வேர் அழுகிய செடி ஒன்று கையோடு வந்தது. பக்கத்துச் செடிக்கும் தொற்றிவிடுமே என்று அதை வேலிக்கு வெளியே வீசினான்.

அது எங்கோ தகரத்தில் விழுந்து சத்தம் போட்டது.

கதவு திறந்தது. அவன் பாத்தியோடு பாத்தியாகக் குப்புறப் படுத்தான். மூச்சு விட்டால் பையிலிருக்கும் கடலை குலுங்கிவிடுமோ என்று மூச்சையும் அடக்கினான். காலடிகள் நேராக அவனை நோக்கித்தான் வந்தன.

முழங்கால் ஒன்று முதுகில் இறங்கியது. மச்சான்மாரில் மூத்தவன் இனாபே, அவன் பிடரியைப் பிடித்து முகத்தை ஈரமண்ணில் அழுத்தினான். கையில் வெட்டுக்கத்தி இருந்தது. மற்றவர்களும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரடா நீ, எந்த ஊரடா என்று ஆளுக்கு ஒரு உதை. அவன் வாயே திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஏண்டா, கடலைதானே? சொந்தக்காரங்க கேட்டா இல்லைன்னு சொல்ற பழக்கம் நம்ம மலையில ஏது?" என்றான் இனாபே. "நேத்து நாங்க கேட்டோம். தோட்டம் மொத்தமும் பிடுங்கிட்டுப் போங்கன்னு மச்சான் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் தோட்டத்துல திருட எப்படிடா மனசு வந்துச்சு?"

கீழே கிடந்தவன் முகத்தை இன்னும் ஆழமாக மண்ணில் புதைத்துக்கொண்டான்.

"டேய், போய் சிவிரி மச்சானை எழுப்பிக் கூட்டிட்டு வா. அவர் கையாலயே இவன் கையை உடைக்கட்டும்" என்றான் இனாபே.

ஒருவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். கீழே கிடந்தவன் மண் அப்பிய முகத்தை மெல்லத் தூக்கினான்.

"எழுப்ப வேணாம் மச்சான். நான்தான்."