மேல்பொத்தான்

சாட்சிக் கூண்டில் அண்ணன் நிற்கிறான். உயரத்து ஜன்னல் வெயில் அவன் வலது கையில் விழுகிறது. வெட்டுப்பட்ட பிறகு அந்த விரல்கள் மடங்குவதில்லை. மேல்பொத்தான் போட முடியாமல் சட்டை திறந்து கிடக்கிறது. எதிர்க் கூண்டில் நிற்பவன் அவனை வெட்டிய தம்பி. “யாருன்னு தெரியலன்னு சொல்லிடுப்பா” என்று காலையில் கெஞ்சிய அம்மா கடைசி பெஞ்சில் இருக்கிறாள். அப்படியே சொல்லத்தான் அண்ணனும் வந்திருக்கிறான். அவளோ தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, மேல்பொத்தானைப் போடச் சொல்லித் தம்பிக்கு ஜாடை செய்கிறாள். வந்ததிலிருந்து அவள் கண் அந்தப் பக்கம்தான். இவன் செருமிப் பார்க்கிறான், அவள் திரும்பவில்லை. இவன் குனிந்து தன் திறந்த சட்டையைப் பார்த்துக்கொள்கிறான். “வெட்டினது யாரு, சொல்லுங்க” என்கிறார் அரசு வக்கீல். டைப் அடிக்கும் சத்தம் நிற்கிறது. மடங்காத ஐந்து விரல்களும் தம்பியை நோக்கி நீள்கின்றன. “இவன்தாங்க.” இப்போதுதான் அம்மா இவனைப் பார்க்கிறாள்.