பச்சைப் புள்ளி

அம்மாவுக்குக் காது கேட்காது. அதனால் வெளிநாட்டில் தனியாக இருக்கும் மகன் தினமும் சாட்டில் எழுதித்தான் பேச வேண்டும். அவன் தட்டி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்பதால், வாயால் சொன்னதை எழுத்தாக்கும் ஒரு பழைய ஆப்பைத் தன் லினக்ஸ் கணினியில் வைத்திருந்தான். குரல் கேட்கும்போது மட்டும் அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

அப்டேட் போட்ட மறுநாள் அவன் பேசியதும் புள்ளி எரிந்தது. சாட்டில் ஓர் எழுத்துகூட விழவில்லை. கணினி தெரிந்த நண்பனுக்குப் போன் போட்டான்.

"அப்டேட்ல, திரையில எல்லாத்தையும் காட்டுற சிஸ்டமே புதுசா மாறிடுச்சுல்ல மாப்ள? அதுல ஒரு ஆப் இன்னொரு ஆப்போட ஜன்னல்ல கை வைக்க முடியாது. உன் கிழட்டு ஆப்புக்கு அது எங்க புரியுது? லாகின் பண்ணும்போது பழைய சிஸ்டத்தையே எடுத்துக்கோ."

"நாளைக்குப் பாக்கறேன்டா."

எப்படியும் விழப்போவதில்லை என்ற தைரியத்தில், ஒரு மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததைத் திரையைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, எனக்கு வேலை போயிடுச்சு. பயமா இருக்கும்மா."

புள்ளி எரிந்து அணைந்தது. சாட் பெட்டி காலியாகவே இருந்தது. அவன் போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். அம்மாவின் பதில் வந்திருந்தது.

"வேலை போனா போகுது, நீ கிளம்பி வாடா கண்ணா. ஆமா, உன் ஒவ்வொரு வரிக்கும் கீழ 'சொல்லாதே, சொல்லாதே'ன்னு ஒருத்தன் எழுதறானே, யாரு அவன்? அவன் பேச்சைக் கேக்காதே."

மேலே தள்ளிப் பார்த்தான். அவனிடமிருந்து எதுவும் போயிருக்கவில்லை. அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டான்.

பச்சைப் புள்ளி எரிந்தது.